பூவுக்காக வளர்த்த கோப்பிச் செடி

கண்டிப் பகுதியில் தைப்பொங்கல் கழிந்தபின் வரும் வாரங்கள் வறட்சியானவை. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்துவிடும். காலையிற் பனியும் பகலில் வெயிலும் மாறி மாறி வர, மண் மெல்ல இறுகும். மாசியிலோ பங்குனியிலோ ஒரு நாள் பிற்பகல், மலைகளுக்குப் பின்னாலிருந்து இடி முழங்கிக்கொண்டு முதல் மழை இறங்கும். அம்மழை பெய்து ஒரு வாரம் பத்து நாள் கழிந்தபின், கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலோ பேராதனைப் பக்கத்திலோ ஊர் ஒழுங்கையொன்றில் விடியற்காலையில் நடந்து செல்பவர், மல்லிகை மணத்தை நுகர்ந்து திகைப்பர். சுற்றிப் பார்த்தால் மல்லிகைப் பந்தல் எதுவும் தென்படாது. பலா மரத்துக்கு அப்பால், பாக்கு மரங்களுக்கிடையில், ஆளுயரத்துக்குச் சற்று மேற்பட்ட செடியொன்று, கிளைதோறும் நெற்பொரியை அள்ளி ஒட்டியதுபோல் வெள்ளை வெளேரென நிற்கும்.

அது கோப்பிச் செடி.

கோப்பி என்றவுடன் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது ஆவி பறக்கும் பானம்; வரலாறு கற்கும் மாணவருக்கு நினைவில் எழுவது வெள்ளைக்காரத் துரைமாரின் தோட்டங்கள். வாசனைப் பூச்செடிகளின் வரிசையில் அதனை வைத்து எண்ணுவார் அரியர். ஆயினும் கண்டி இராச்சியத்து மக்கள் நெடுங்காலம் அதனை வளர்த்தது பூவுக்காகவே என்பதை வாசகர்கள் அறிவார்களாயின் வியப்புறுவர். 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராக விளங்கிய சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற், 1859இல் வெளியிட்ட தமது நூலில் இச்செய்தியைப் பதிந்துள்ளார். போர்த்துக்கேயர் வருமுன்னரே அராபியர் வழியாக இச்செடி இத்தீவை அடைந்துவிட்டது. சிங்கள மக்கள் அதன் இளந்தளிரைக் கறிக்குச் சேர்த்தனர்; மல்லிகை போன்ற பூவைப் புத்த விகாரைகளிற் படைத்தனர். கொட்டையை வறுத்துப் பானமாக்கும் வழக்கம் அவர்களிடம் இருக்கவில்லை. பிற நாட்டவர் எதன்பொருட்டு இச்செடியைத் தேடினரோ, அதனை நிலத்தில் உதிரவிட்டு, மூன்று நாள் மட்டும் நிற்கும் மலரைப் பறித்துப் பூசைக்கு வைத்தவர்கள் அவர்கள். அதனை அறியாமை என்று எழுதியவரும் உண்டு. எமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

இச்செடியை வீட்டு முற்றத்தில், காற்றும் கடுவெயிலும் தாக்காத ஒதுக்கமான இடத்தில் வளர்ப்பது எவ்வாறு என்று கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆயினும், வளர்க்கும் முறையைக் கூறவேண்டின் இச்செடிக்குக் கண்டி மலைகளில் ஒருமுறை நேர்ந்த கேட்டையும் கூறாமல் இயலாது. ஏனெனில் அக்கேட்டுக்கான காரணமும் வளர்ப்பு முறையும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

மழைக்குக் காத்திருக்கும் மொட்டு

கோப்பியின் தாயகம் எதியோப்பியாவின் மலைக்காடுகள். அங்கே பெருமரங்களின் கீழ், வடிகட்டிய வெளிச்சத்தில் தானாக வளர்ந்த குறுமரம் அது. நம் வீட்டு வாயில்களிற் சிவப்பாகப் பூக்கும் வெட்சியும் கோப்பியும் ஒரே குடும்பத்தவை. பூவின் நீண்ட குழாயையும் எதிரெதிராக அமைந்த இலைகளையும் இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்த்து மாணவர்கள் இந்த உறவை எளிதில் அறியலாம். கோப்பியின் இலை கரும்பச்சை நிறத்தது. எண்ணெய் பூசியது போன்ற பளபளப்பும் அலைபோன்ற ஓரமும் உடையது. ஆண்டு முழுவதும் பசுமை மாறாது. பூவில்லாத நாளிலும் கண்ணுக்கு இனிய செடி என்பதை மறத்தல் ஆகாது.

பூக்கும் முறைதான் இதன் தனிச்சிறப்பு. மார்கழி, தை மாதங்களில் இலைக்காம்பின் அடியிற் சிறு மொட்டுகள் கொத்துக் கொத்தாகத் தோன்றும். நெல்மணியளவுக்கு வளர்ந்தபின் அவை அப்படியே நின்றுவிடும். வாரங்கள் செல்லும், ஒரு மாற்றமும் காணப்படாது. செடி வறட்சியில் வாடுகிறது, மொட்டுக் கருகிவிடும் என்று புதிதாக வளர்ப்போர் அஞ்சுவர். உண்மையில் மொட்டு உறங்குகிறது. அவ்வுறக்கத்துக்கு வறட்சி இன்றியமையாதது. நன்கு வறண்டு நின்ற செடியின் மீது நல்ல மழையொன்று பெய்து, வேர் நனைந்து, வெப்பமும் சற்றுத் தணியுமானால், மொட்டுகள் யாவும் ஒரே வேளையில் விழித்துக்கொள்ளும். சில நாட்களில் அவை வெண்மையாக நீண்டு மெழுகுதிரியைப் போல் நிமிரும். பின் ஒரு விடியலில் அனைத்தும் விரியும். ஒரே மழை நனைத்த ஊரிலுள்ள செடிகளெல்லாம் ஏறத்தாழ ஒரே நாளிற் பூப்பது இதனாலேயே. முதல் நாள் மணம் மிகுதி. இரண்டாம் நாள் தேனீக்களின் ரீங்காரம் மிகுதி. மூன்றாம் நாள் இதழ்கள் பழுப்பேறும்.

வறட்சி தாங்காதென்று எண்ணி அன்றாடம் வாளியில் நீர் ஊற்றுவோர் பலர். நட்டு முதலிரண்டு ஆண்டுகளுக்கு அது நல்லதே. பூக்கும் பருவத்தை அடைந்த செடிக்கு நல்லதன்று. உறக்கம் கலைந்து கலைந்து, இன்று பத்துப் பூ, அடுத்த வாரம் இருபது பூ என்று சிதறிப் பூக்கும், மணமும் சிதறும், பழமும் ஒருங்கே பழுக்காது. மொட்டு நன்கு முற்றி நிற்கையில் மழை மிகவும் பிந்துமானால் மட்டும், ஒரே முறையில் வேரடி முழுவதும் ஊறும்படி நீர் விடலாம். தூறல் போல் அரைகுறையாக விட்டாற் பயனில்லை.

தேனீயைப் பற்றிக் கூறினோம். அதில் இன்னுமொரு புதுமை உண்டு. கோப்பிப் பூவின் தேனிலும் கபீன் என்னும் பொருள் மிகச் சிறிய அளவிற் கலந்துள்ளது. அவ்வளவு கபீன் தேனீயின் நினைவாற்றலைக் கூட்டி, அம்மணத்தை மறவாதபடி செய்கிறது என்று 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பரீட்சைக் காலத்தில் இரவிற் கண்விழிக்கக் கோப்பி அருந்தும் மாணவர்கள், தமக்கு முன்னே அவ்வழியிற் சென்றது தேனீ என்று அறிந்துகொள்வார்களாக.

நிழல் நீங்கிய மலைகள்

1815இற் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்கு மாறியது. 1821இற் பேராதனையில் தாவரவியற் பூங்கா அமைக்கப்பட்டது. 1820களின் நடுப்பகுதியிற் கம்பளைக்கு அண்மையில் சின்னப்பிட்டிய என்னுமிடத்தில் ஜோர்ஜ் பேர்ட் என்பவரும், பேராதனைக்கு அணித்தான கன்னொறுவையில் தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸும் கோப்பித் தோட்டங்களைத் திறந்தனர். அடுத்த இருபது ஆண்டுகளுள் இலண்டன் சந்தையில் விலை ஏறவே, காடுகள் விலைக்கு விடப்பட்டன. 1844 வரையில் முடிக்குரிய காட்டுநிலம் ஏக்கர் 5 சிலிங் விலைக்குக் கிடைத்தது. ஹந்தானை, ஹேவாஹெட்டை, தும்பறை, மாத்தளை என மலைமலையாகக் காடு வெட்டி எரிக்கப்பட்டது. நிழல் மரம் ஒன்றும் விடாது, வெட்டவெளியில், வரிசை வரிசையாகக் கோப்பி நடப்பட்டது. நிழலில்லாத இடத்தில் கோப்பி அதிகம் காய்க்கும் என்பது உண்மையே. அவ்வாறு காய்த்துக் காய்த்து விரைவில் இளைக்கும் என்பதும் உண்மை.

அக்காலத்துப் பெருக்கத்தைக் காட்ட ஓரிரு எண்கள் போதும். 1867இற் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியதே பெரும்பாலும் கோப்பி மூட்டைகளை இறக்குவதற்காகத்தான். 1870இல் 10 இலட்சம் அந்தருக்கு மேற்பட்ட கோப்பி இத்தீவிலிருந்து கப்பலேறியது. 1870களின் இறுதியிற் கோப்பி நிலம் ஏறத்தாழ 275,000 ஏக்கராகப் பரந்திருந்தது.

இக்கோப்பியைப் பறித்தவர்கள் தமிழர்கள். தென்னிந்தியக் கரையிலிருந்து தோணியில் மன்னாரை அடைந்து, கங்காணிமாரின் பின்னே, நூறு மைலுக்கும் மேற்பட்ட காட்டுவழியை நடந்து கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு வந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தவர் எண்ணிலர். தேயிலையைப் போல் ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கும் வேலை கோப்பிக்கு இல்லை. பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே ஆட்கள் மிகுதியாக வேண்டியிருந்தனர். ஆதலால் அவருட் பெரும்பாலார் பருவத்துக்கு வந்து, வேலை முடிந்ததும் அதே காட்டுவழியே திரும்பிச் சென்றனர். பங்குனி மழைக்குப்பின் மலையெல்லாம் வெண்மையாகி மணம் வீசிய காட்சியை அவர்களுள் எத்தனை பேர் கண்டிருப்பர் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது. பழத்தின் பாரம் அவர்கள் முதுகில் ஏறியது. பூவின் மணம் வந்தபோது அவர்களிற் பலர் ஊர் திரும்பியிருப்பர்.

1869இல் மடுல்சீமைப் பகுதியிலிருந்து நோய்கொண்ட இலைகள் சில பேராதனைக்கு வந்தன. இலையின் அடிப்புறத்தில் மஞ்சட் செம்மை நிறத்திற் பொடி படிந்திருந்தது. பூங்காவின் தலைவராக விளங்கிய துவெயிற்ஸ் என்பார் அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்ப, பார்க்லி என்னும் பங்கசு அறிஞர் அதே ஆண்டில் அந்நோய்க்கிருமிக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். வஸ்டாட்ரிக்ஸ் என்ற சொல்லுக்கு முற்றாக அழிப்பது என்பது பொருள். பெயரிட்டபோது அது எவ்வளவு பொருத்தமாகப் போகிறது என்று எவரும் எண்ணியிருக்கமாட்டார். துரைமார் முதலிற் பொருட்படுத்தவில்லை. விலை நன்றாக இருந்தமையால் மேலும் காடு வெட்டினர். 1880இல் மார்ஷல் உவோர்ட் என்னும் இளம் விஞ்ஞானி இங்கு அனுப்பப்பட்டார். கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் மிதந்துவரும் நுண்ணிய வித்திகளை அவற்றிற் பிடித்துக் காட்டினார். ஈரமான இலையில் விழும் வித்தி முளைத்து, இலைவாய் வழியே உள்ளே புகுகின்றது என்பதையும் நிறுவினார். இடையில் வேறு மரமின்றி மலைத்தொடர் முழுவதும் ஒரே செடியை நட்டு வைத்தால் காற்றில் வரும் நோய்க்கு அதனைவிட நல்ல விருந்து வேறில்லை என்பதே அவருடைய ஆய்வு உணர்த்திய செய்தி. கேட்டவர் அந்நேரம் பிந்திவிட்டனர். நோயைக் கட்டுப்படுத்தவல்ல செம்புக் கலவை மருந்தும் 1885இலேதான் பிரான்சில் முந்திரிகைத் தோட்டங்களுக்கெனக் கண்டறியப்பட்டது. 1890களில் கண்டி மலைகளிற் கோப்பித் தோட்டம் என்பது பழங்கதையாயிற்று. ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் தோட்டப் பயிராகத் தொடங்கிய தேயிலை அவ்விடங்களைப் பிடித்துக்கொண்டது. ஆண்டு முழுவதும் வேலையுள்ள தேயிலைக்காகத் தமிழ்க் குடும்பங்கள் மலையிலேயே நிலைத்தன.

வீட்டுத்தோட்டத்திற் பிழைத்தது

தோட்டங்கள் அழிந்தன என்பதோடு பாடநூல்கள் கோப்பிக் கதையை முடித்துவிடுகின்றன. கோப்பி முடிந்துவிடவில்லை. கண்டியைச் சுற்றிய கிராமங்களில், துரைமார் வருமுன்னும் பின்னும் வீட்டைச் சூழ்ந்த சிறு நிலத்திற் கோப்பி வளர்ந்துகொண்டே இருந்தது. கிராமத்தவர் விற்ற வீட்டுக் கோப்பி கோப்பிக்கால ஏற்றுமதியிற் கணிசமான பங்கு வகித்தது. இலைநோய் அச்செடிகளையும் தொட்டது, பலவற்றை அழித்தது. ஆயினும் வேரறுக்கவில்லை.

கண்டி வீட்டுத்தோட்டம் என்பது உலகின் பல பல்கலைக்கழகங்களில் ஆராயப்படும் ஓர் அமைப்பு. மேலே தென்னை, பலா, கித்துள். அதன் கீழே பாக்கு, சாதிக்காய், கராம்பு, வாழை. மரங்களிற் படரும் மிளகு. அதன் கீழே கோப்பி. நிலத்தில் இஞ்சி, மஞ்சள். பார்ப்பவருக்குக் காடு போலத் தோன்றும். உண்மையில் மாடி மாடியாகக் கட்டிய வீடு அது. ஒரு கோப்பிச் செடிக்கும் அடுத்த கோப்பிச் செடிக்கும் இடையில் வேறு பத்து மரங்கள் நிற்பதால், நோய் வித்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது கடினமாகின்றது. நிழலில் நிற்கும் செடி மட்டாகக் காய்ப்பதால் வலுவிழப்பதில்லை. சருகு உதிர்ந்து மூடுவதால் மண் கழுவுண்டு போவதுமில்லை. எதியோப்பியக் காட்டில் அது பிறந்த நிலையை ஒத்த நிலை கண்டி முற்றத்தில் வாய்த்தது என்றே கூறலாம்.

இன்று இச்செடிக்கு வந்துள்ள இடர் வேறு வகையானது. நிலம் பங்கிடப்படுகின்றது, மதில் எழும்புகின்றது, வாகனம் நிறுத்தச் சீமெந்துத் தரை போடப்படுகின்றது. அப்போது முதலில் வெட்டுண்பது வேலியோரக் கோப்பிதான். பலாவை வெட்ட அனுமதி வேண்டும், தென்னையை வெட்ட மனம் வராது. கோப்பிக்கு இரங்குவார் இல்லை. பாட்டி வைத்த செடி என்று சொல்லி வைத்திருந்த சில வீடுகளிலே நாம் கண்ட பழஞ்செடிகள், மணிக்கட்டை விடப் பருத்த அடிமரத்துடன், கேட்பாரற்றும் பங்குனிதோறும் தவறாமற் பூக்கின்றன.

நடுவதும் பேணுவதும்

இனி வளர்க்கும் முறைக்கு வருவோம். கோப்பியில் நமக்கு வேண்டியவை இரண்டினம். அராபிக்கா என்பது பழைய இனம். மணமும் சுவையும் சிறந்தது. குளிர்ந்த மலைகளை விரும்புவது. றொபஸ்டா என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆபிரிக்காவின் கொங்கோப் பகுதியிலிருந்து பரவியது, இலைநோயைத் தாங்குவது, கசப்பு மிகுந்தது. கண்டி நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளமையால் இரண்டும் இங்கே வளரும். ஹந்தானைச் சரிவிலும் அதற்கு மேற்பட்ட இடங்களிலும் அராபிக்காவே தக்கது. ஒரேயொரு செடிக்கு மட்டுமே இடமுள்ளவர்கள் அராபிக்காவையே தேர்ந்துகொள்ளல் வேண்டும். அது தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். றொபஸ்டா தனித்து நின்றாற் பூக்கும், காய்க்காது. அயலில் வேறொரு றொபஸ்டா செடி வேண்டும். ‘எங்கள் செடி மலட்டுச் செடி’ என்று பலர் குறைபடுவதன் காரணம் இதுவே.

இலைநோய்க்கு அஞ்சுபவர்களுக்குக் கற்றிமோர் என்னும் வகை உண்டு. அதன் வரலாறு சுவையானது. 1927இல் தீமோர்த் தீவில், அராபிக்காவும் றொபஸ்டாவும் இயல்பாகவே கலந்து பிறந்த, நோய் தாங்கும் செடியொன்று காணப்பட்டது. அதன் வழிவந்ததை அராபிக்காவின் குட்டை வகையொன்றோடு போர்த்துக்கல் நாட்டில் 1959இல் சேர்த்து உண்டாக்கியதே கற்றிமோர். பேராதனையில் அமைந்துள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் அலுவலர்களிடம் கேட்டால், தத்தம் ஊருக்கு ஏற்ற வகையையும் நாற்றுக் கிடைக்குமிடத்தையும் கூறுவர்.

விதையிலிருந்து வளர்க்க விரும்புவோர் நன்கு சிவந்த பழத்தைச் செடியிலிருந்து பறித்து, தோலைக் கையாற் பிதுக்கி நீக்கி, வழவழப்புப் போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, உடனே விதைக்கவேண்டும். வெயிலில் காய்ந்து பல மாதங்கள் கிடந்த கொட்டை முளைப்பது அரிது. வறுத்த கொட்டையை விதைத்துவிட்டுக் காத்திருக்கும் சிறுவர்களையும் கண்டிருக்கிறோம். அவர்களைச் சிரியாமல் திருத்துவது பெற்றோர் கடன். மணலும் கூட்டெருவும் கலந்த மேடையில், கொட்டையின் தட்டைப்பக்கம் கீழே இருக்க, அரை அங்குல ஆழத்தில் வைத்து, வைக்கோலால் மூடி ஈரம் காக்கவேண்டும். முளைக்க ஆறு முதல் எட்டு வாரம் செல்லும். முளை கொட்டையைத் தலையிற் சுமந்துகொண்டு நேராக எழுந்து நிற்கும். பின் ஓட்டை உதிர்த்து இரண்டு வட்ட இலைகளை விரிக்கும். இப்பருவங்களை வீட்டுச் சிறுவர்கள் நாள்தோறும் கண்டு குறித்துக்கொள்ளலாம். இரு இலை விரிந்ததும் பைகளுக்கு மாற்றி, பந்தல் நிழலில் ஆறேழு மாதம் வளர்த்து, தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்திலோ ஐப்பசி மழையிலோ நிலத்தில் நடலாம்.

கிளையை ஒடித்து நடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. கோப்பியின் அடிமரம் மேல்நோக்கி வளரும். பக்கக் கிளைகள் படுத்து வளரும். பக்கக் கிளையை ஒடித்து வேர்பிடிக்கச் செய்தால், அது என்றுமே நிமிராது. நிலத்தில் படர்ந்த புதராகவே கிடக்கும். நேர்மேலாகக் கிளம்பும் குருத்தை வைத்தால் மட்டுமே நிமிர்ந்த செடி கிடைக்கும்.

இடத்தைத் தேர்வதிலேதான் பாதி வெற்றி. மதிலுக்கோ வீட்டுக்கோ அருகில், காலை வெயில் பட்டு, உச்சி வெயில் வடிகட்டப்படும் இடம் உத்தமம். ஆனி, ஆடி மாதங்களின் தென்மேற்குக் காற்று நேரே அறையும் மலைமுகடு ஆகாது. இலை கிழியும், மொட்டு உதிரும். கூரையிலிருந்து மழைநீர் கொட்டும் இடமும் ஆகாது. நீர் தேங்கும் பள்ளத்தில் வேர் அழுகும். கண்டியிற் பெரும்பாலான முற்றங்கள் சரிவானவையாதலின் இத்தொல்லை குறைவு. நிழலுக்கு முள்முருக்கும் கிளிரிசிடியா என்னும் சீமைக்கிளுவையும் சிறந்தவை. அவை விரைவில் வளரும், வெட்ட வெட்டத் தழைக்கும், வெட்டிய தழை பசளையாகும். முதலாண்டுக்கு வாழையே போதும். ஆனால் நிழல் என்றதும் இருள் என்று கொள்ளலாகாது. அடர்ந்த பலாவின் அடியில் நேரே நட்ட செடி உயரமாகவும் மெலிந்தும் வளரும். இலை பெரிதாக இருக்கும். பூ அரிதாக இருக்கும். நண்பகலில் தரையில் வெயிற்பொட்டுகள் நடமாடவேண்டும், அதுவே அளவு.

ஒன்றரை அடி நீள அகல ஆழமுள்ள குழி தோண்டி, மேல்மண்ணோடு மக்கிய மாட்டெருவைக் கலந்து நிரப்பி, இரு வாரம் மண் இறங்கவிட்டு நடவேண்டும். இரண்டு செடிகள் வைப்பதாயின் அராபிக்காவுக்கு ஆறு ஏழு அடி இடைவெளியும், றொபஸ்டாவுக்கு எட்டு முதல் பத்து அடியும் விடுக. உணவைத் தேடும் சிறுவேர்கள் மேல்மண்ணின் ஓரடிக்குள்ளேயே பரவுவன. மண்வெட்டியால் அடியைக் கொத்தும் பழக்கம் அவற்றை அறுத்துவிடும். களையைக் கையாற் பிடுங்கி, உதிர்ந்த சருகைக் கூட்டி எரியாமல் அடியிலேயே பரப்புக. அடிமரத்தை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் விட்டுப் பரப்பவேண்டும். சமையலறைக் கழிவைக் கூட்டெருவாக்கி ஆண்டுக்கு இருமுறை இட்டால் வீட்டுச் செடிக்குப் போதும்.

கவ்வாத்துச் செய்வதில் ஓர் உண்மையை நினைவில் வைத்தல் வேண்டும். சென்ற ஆண்டு வளர்ந்த கிளைப்பகுதியிலேதான் இவ்வாண்டு பூக்கும். ஒருமுறை காய்த்த கணுவில் அராபிக்கா மறுமுறை பூப்பதில்லை. ஆதலால் புதுக்கிளை வந்துகொண்டே இருக்கவேண்டும். பழம் பறித்து முடிந்தவுடன் காய்த்து ஓய்ந்த கிளைகளையும் உட்புறம் நெருங்கிய கிளைகளையும் நீக்குக. மொட்டு முற்றிய மாசியிற் கத்தரியை எடுப்பது அவ்வாண்டுப் பூவை வெட்டி எறிவதற்கு ஒப்பாகும். செடி நாலரை அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டாற் பக்கக் கிளைகள் வலுப்பெறும். கைக்கெட்டும் உயரத்திலேயே பூவும் பழமும் இருக்கும். அடிமரத்தில் நேர்மேலாகக் கிளம்பும் குருத்துகளை இளமையிலேயே கையால் உடைத்துவிடுக. மிகவும் முதிர்ந்த செடியாயின் அவற்றுள் ஒன்றை விட்டுவைத்து, பழைய அடிமரத்தை அடுத்த ஆண்டில் வெட்டிவிடலாம். செடி புத்துயிர் பெறும்.

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை இலையைப் புரட்டிப் பார்ப்பது நல்ல வழக்கம். செம்மஞ்சட் பொடிப் பொட்டுகள் ஓரிரு இலையிற் காணப்பட்டால் அவற்றைக் கிள்ளி மண்ணிற் புதைத்துவிடலாம். மிகுமானாற் செம்பு கலந்த மருந்தை இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கவேண்டும். பழத்தின் நுனியில் ஊசி துளைத்தது போன்ற ஓட்டை காணப்பட்டால் அது கோப்பி துளைக்கும் வண்டின் வேலை. உதிர்ந்த பழத்தையும் செடியில் உலர்ந்து தொங்கும் பழத்தையும் ஒன்று விடாது பொறுக்கி எடுப்பதே அதற்குச் சிறந்த மருந்து.

நட்ட மூன்றாம் ஆண்டில் முதற்பூவைக் காணலாம். பூசைக்குப் பறிக்க விரும்புவோர் தயங்கவேண்டியதில்லை. கணுவுக்கு எட்டுப் பத்துப் பூ இருக்கும். எல்லாம் காயாக நிலைப்பதில்லை. விடியற்காலையில் பறித்து ஈரத்துணியிலோ வாழையிலையிலோ வைத்தால் மாலைவரை மணக்கும். மாலை தொடுக்க இது ஆகாது. காம்பு குறுகியது, இதழ் எளிதில் உதிரும். வெள்ளித் தட்டிலோ நீர் நிறைந்த கிண்ணத்திலோ இட்டு வைப்பதே முறை.

பங்குனிப் பூ ஐப்பசி கடைசியிலிருந்து பழுக்கத் தொடங்கி மார்கழி, தை வரை செல்லும். பச்சைக்காயையும் சேர்த்து உருவிப் பறிக்காமல், சிவந்ததை மட்டும் வாரத்துக்கொரு முறை பறிக்கவேண்டும். ஐந்தாறு றாத்தல் பழத்துக்கு ஒரு றாத்தல் உலர்ந்த கொட்டை தேறும். கண்டியில் அது மழைக்காலமாதலின் உலர்த்துவதுதான் சங்கடம். தரையில் விரித்துப் பூஞ்சணம் பிடிக்கவிடுவதை விட, தோல் நீக்கி, ஓரிரவு நீரில் ஊறவைத்துக் கழுவி, கம்பி வலைத்தட்டில் மெல்லிதாகப் பரப்பி, வெயில் கண்ட நேரமெல்லாம் புரட்டிவிடுவது மேல். அடுப்புக்கு மேலே பரணிற் போட்டால் விரைவில் உலரும். ஆனாற் புகை மணம் ஏறிவிடும், பின் எத்தனை மல்லி சேர்த்தாலும் அது போகாது. உலர்ந்ததை உரலிலிட்டு மெல்லக் குற்றி, சுளகிற் புடைத்து, கனத்த தாச்சியில் இளந்தீயிற் கைவிடாது கிளறி வறுக்கவேண்டும். ஒற்றைக் கொட்டையாக உருண்டு கிடப்பவற்றை வேறாக எடுத்து வறுப்பது நன்று. தட்டைக் கொட்டையோடு சேர்ந்தால் ஒருபக்கம் கருகி ஒருபக்கம் வேகாமற்போகும். சிறிது மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடிக்கும் வழக்கம் மலைநாட்டு வீடுகளில் உண்டு. முதலாண்டுக் கோப்பியை எதுவும் கலவாது, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு அருந்திப் பார்க்கவேண்டும் என்பது எம் கருத்து. ஒரு செடியின் முதற்காய்ப்பில் ஒரு வாரத்துக்குக்கூடப் பானம் தேறாது. ஆயினும் அடுப்படிக்கு எடுத்துச் செல்லுமுன் நாற்றுக்கென ஐம்பது நல்ல பழங்களை ஒதுக்கி வைத்துவிடுக, அயலவர் கேட்பர்.